பெயர் வாசிக்கும் நாள்

அக்டோபர் கடைசி வாரம் எங்கள் கோயில் முகப்பில் ஒரு மேசை போடுவோம். மேலே நீள நோட்டு ஒன்று, இரண்டு பேனா, பக்கத்தில் காணிக்கை உறைகள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் பூசையில் வாசிப்பதற்காக மக்கள் வந்து தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்வார்கள், நான் எழுதுவேன். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசித்தவள் என்பதால், ஓய்வு பெற்றதும் இந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

அப்பா, அம்மா பெயரைத் தயங்காமல் சொல்வார்கள். தாத்தா, பாட்டி பெயருக்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். அதற்கும் மேலே போனால், கூட வந்த பெரியவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கும் தெரியாவிட்டால், "குடும்பத்துல இறந்துபோன எல்லா ஆத்துமாக்களும்னு போட்டுக்குங்க டீச்சர்" என்று முடித்துக்கொள்வார்கள். மூன்று தலைமுறை. ஒரு வீட்டின் ஞாபகம் அதற்குமேல் போவதில்லை என்பதை அந்த மேசையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

2019 அக்டோபரில் அந்த நோட்டை வீட்டுக்கு எடுத்துவந்து பெயர்களை அகரவரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா எதிரே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. மறதி நோய் கண்டு நான்காவது வருடம். என்னை "அக்கா" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். அப்பா இறந்தது மறந்துபோய், சாயங்காலமானால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் முணுமுணுத்தபடி எழுதுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று ஒரு பெண் பெயரைச் சொல்லி, "அத எழுதினியா?" என்றாள். எங்கள் வீட்டில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. "யாரும்மா அது?" என்றேன். "எம் பிள்ள" என்றாள். பிறகு எப்படிக் கேட்டும் பதில் இல்லை. தான் சொன்னதே அவளுக்கு மறந்துவிட்டது.

மறுநாள் பங்குச்சாமியிடம் சாவி வாங்கி மரணப் பதிவேடுகளைப் புரட்டினேன். கோயில்களில் இப்படி ஏடு வைக்கும் முறைக்கு வயது அதிகம். ஞானஸ்நானத்துக்கும் கலியாணத்துக்கும் பதிவேடு கட்டாயம் என்று 1563-ல் திரெந்துப் பொதுச்சங்கம் சொன்னது. இறந்தவர்களையும் எப்படிப் பதிய வேண்டும் என்ற வாசகம் 1614-ல் ஐந்தாம் பவுல் பாப்பரசர் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூலில் இருக்கிறது. பெயர், வயது, தாய் தகப்பன், அவஸ்தை பூசினார்களா, எங்கே அடக்கம் என்று கேட்டுக்கொண்டே போகும் கட்டங்கள். 1958-ஆம் வருடப் பக்கம் ஒன்றில் அந்தப் பெயர் இருந்தது. வயது: பதினொரு நாள். ஆபத்து வேளையில் வீட்டிலேயே ஞானஸ்நானம். தகப்பன், தாய் என்ற கட்டத்தில் என் அப்பா பெயர், அம்மா பெயர்.

மூத்தவள் நான் என்று அறுபது வயதுவரை நினைத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒருத்தி வந்து போயிருக்கிறாள்.

ஏட்டை மூடிவிட்டு வெளியே வந்து, சாமியிடம் ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "அம்மாவுக்கு எல்லாமே மறந்துபோச்சு சாமி. பெத்த பிள்ளை தெரியல, கட்டினவர் செத்தது தெரியல. நாளைக்கு மோட்சத்துக்குப் போறது யாரு?" அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து புனித அகுஸ்தினாரின் 'அறிக்கைகள்' புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். "ஒன்பதாம் பகுதியை முதல்ல படிங்க டீச்சர். முடிச்ச கையோட பத்தையும் படிச்சிடுங்க" என்றார். அந்த இரண்டு பகுதிகளைப் பிடித்துக்கொண்டு நான் போன தூரம்தான் இந்தக் கட்டுரை.

ஒன்பதாம் பகுதியில் அகுஸ்தினாரின் தாய் மோனிக்கம்மாள் சாகிறாள். வருடம் 387. இத்தாலியின் ஓஸ்தியா துறைமுகத்தில், ஆப்பிரிக்காவிலுள்ள சொந்த ஊருக்குக் கப்பல் ஏறக் காத்திருக்கிறார்கள். சொந்த ஊர் என்பது தகாஸ்தே, இன்றைய அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸ். அங்கே கணவன் பத்ரிசியுவின் பக்கத்தில் தனக்கும் ஓர் இடத்தை மோனிக்கா ஏற்கெனவே ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். கடல் கடந்து வந்து மகனைத் தேடிப் பிடித்தவளுக்கு, திரும்பிப்போய்க் கணவனோடு ஒரே மண்ணில் கிடக்க வேண்டும் என்பது வாழ்நாள் ஆசை. ஓஸ்தியாவில் காய்ச்சல் கண்டது. ஒருநாள் நினைவு தப்பினாள். தெளிந்து எழுந்ததும், பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளையும் பார்த்து, தான் எங்கே இருந்தேன் என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் வந்து நின்றுவிட்டேன். அம்மாவும் தினம் அதையேதான் கேட்டாள்.

இன்னொரு மகன் நவிஜியு, ஊருக்குப் போய்ச் செத்தால் நல்லது என்று ஏதோ சொன்னான். மோனிக்கா அவனைக் கண்டிக்கிற பார்வை பார்த்தாள். இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், அதைப்பற்றிக் கவலைப்படாதீர்கள், நீங்கள் எங்கிருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்பது அவள் சொன்னதன் சாரம். தாய்மண்ணை விட்டு இவ்வளவு தூரத்தில் கிடக்கப் பயமில்லையா என்று முன்னொருமுறை சிலர் கேட்டபோது, கடவுளுக்கு எதுவும் தூரமில்லை, கடைசி நாளில் என்னை எங்கிருந்து எழுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் போகாது என்று அவள் சொல்லியிருந்ததை மகன் பின்னால்தான் கேள்விப்பட்டான். நோய் கண்ட ஒன்பதாம் நாள் இறந்தாள். அவளுக்கு 56-ஆம் வயது நடந்தது. அகுஸ்தினாருக்கு 33-ஆம் வயது.

மண்ணை விட்டுக்கொடுத்தவள், நினைவை மட்டும் கேட்டுக்கொண்டாள் என்பதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். இந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் அவளும் நம்மைப்போலத்தான் இருந்தாள். ஆப்பிரிக்க வழக்கப்படி வேதசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் ரொட்டியும் திராட்சை இரசமும் கூடையில் கொண்டுபோவாள். மிலான் நகரில் அப்படிப் போனபோது வாசல் காவலன் தடுத்தான். பிஷப் அம்புரோசு அதற்குத் தடை போட்டிருந்தார். கல்லறையில் குடித்துக் கூத்தடிக்கிறவர்களுக்கு அது வழிவிடுகிறது, உரோமையர் பிப்ரவரியில் மூதாதையருக்குப் படைக்கும் நாட்களைப்போல இருக்கிறது என்பது அவர் காரணம். மோனிக்கா மறுவார்த்தை பேசாமல் கூடையோடு திரும்பினாள். அவள் கொண்டுபோனது தண்ணீர் கலந்த இரசம், ஒரே ஒரு சின்னக் கிண்ணம், அதையே எல்லாக் கல்லறைகளிலும் பங்கிட்டுச் சுவைப்பாள் என்று மகன் எழுதுகிறார். எங்கள் பக்கத்துச் சில வீடுகளில் இன்றும் நவம்பர் 2 அன்று கல்லறைமேல் இறந்தவருக்குப் பிடித்த பலகாரத்தை வைப்பதைப் பார்க்கிறேன். அதிரசம் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பாட்டிகளிடம் போய் அம்புரோசின் தடையைச் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. படைக்கும் கையிலிருந்து கூடையை வாங்கிவிட்டு, அதற்குப் பதிலாகப் பீடத்தில் ஒரு பெயரைக் கொடுத்தது சபை. அந்த மாற்றம் மிலானில் ஒரு விதவையின் கையில் நடந்தது.

மோனிக்காவின் கல்லறை என்னவாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1430-ல் அவளுடைய எலும்புகளை உரோமைக்கு எடுத்துப்போனார்கள்; இன்று புனித அகுஸ்தினார் பேராலயத்தில் இருக்கின்றன. ஓஸ்தியாவில் அவள் கல்லறைமேல் இருந்த கல்வெட்டின் வாசகம் பழைய கையெழுத்துப் பிரதிகளில் மட்டும் தங்கியிருந்தது. 1945 கோடையில் ஓஸ்தியாவின் புனித அவுரேயா கோயில் பக்கத்தில் இரண்டு பையன்கள் விளையாட்டுக்குக் கம்பம் நட பள்ளம் தோண்டினார்கள். ஒரு பளிங்குத் துண்டு தட்டுப்பட்டது. அந்தக் கல்வெட்டின் ஒரு பகுதி. நூற்றாண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்த கல். அதுவரை அவள் கல்லின் துணையில்லாமலே நினைக்கப்பட்டு வந்திருக்கிறாள். தன்னுடைய புத்தகத்தைப் படிக்கிற எல்லாரும் மோனிக்காவையும் பத்ரிசியுவையும் பீடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று மகன் எழுதி வைத்துவிட்டார். அம்மா கேட்டதைவிடப் பெரிய கூட்டத்தை அவளுக்காகச் சேர்த்துக் கொடுத்த பிள்ளை.

தாயை அடக்கம் செய்துவிட்டு அடுத்ததாக அவர் எழுத எடுப்பது ஞாபகம் பற்றிய பெரிய ஆராய்ச்சி. பத்தாம் பகுதியின் முற்பாதியில் பெரும்பங்கு அதுதான். ஞாபகத்தை ஓர் அரண்மனை என்கிறார்; உள்ளே போய் அறை அறையாகத் தேடுகிறார். எனக்கு உதவியது மறதியைப் பற்றி அவர் எழுதிய சில பக்கங்கள். லூக்கா சுவிசேஷத்தில் ஒரு பெண் காணாமல்போன வெள்ளிக்காசை விளக்கேற்றித் தேடுகிறாளே, அவளைக் கூப்பிட்டுக்கொள்கிறார். அந்தக் காசு அவள் நினைவில் இருந்ததால்தான் கிடைத்தபோது இதுதான் என்று தெரிந்தது. முழுக்க மறந்த ஒன்றை ஒருவரால் தேடவும் முடியாது என்கிறார். அம்மா சாயங்காலம் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளே, அது தேடல். யாரைத் தேடுகிறோம் என்று சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. தேடுகிறவள் அவள்தான்.

முதுமையில், 421-ஐ ஒட்டி, அகுஸ்தினார் இன்னொரு சிறு நூல் எழுதினார். நோலா நகர பிஷப் பவுலினு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். புளோரா என்ற பெண் தன் இறந்த மகனை புனித பெலிக்சின் கோயிலில் புதைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். அப்படிப் புதைப்பதால் செத்தவனுக்கு என்ன பலன்? இடத்தால் பலனில்லை, இடத்தைப் பார்க்கும்போது இருப்பவர்கள் நினைத்துச் செபிக்கிறார்களே, அதில்தான் பலன் என்பது பதில். நினைவுச் சின்னம் என்ற பெயரே அதனால் வந்தது என்கிறார். போகிறபோக்கில், செத்தவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை என்பதற்குச் சொந்த வீட்டுச் சாட்சியையும் வைக்கிறார். கரையிலும் கடலிலும் என்னைத் தொடர்ந்து வந்த என் தாயால் வர முடிந்திருந்தால் ஓர் இரவுகூடத் தவறாமல் என்னிடம் வந்திருப்பாள் என்கிறார். அவள் செத்து முப்பத்துநாலு வருடம் கழித்து எழுதியது. அறுபத்தைந்து வயதைத் தாண்டிய பிஷப் ஒருவர், அம்மா ஒரு ராத்திரிகூட வரவில்லையே என்று எழுதுகிறார்.

அகுஸ்தினாருக்குப் பின்னால் வந்த நூற்றாண்டுகளில் பெயர்கள் பெருகின. ஜெர்மனியின் தெற்கே ரைகெனவு தீவு மடத்தில் 824-ஐ ஒட்டித் தொடங்கிய நினைவு ஏடு ஒன்றில் சுமார் 38,000 பெயர்கள் உண்டு. வேறு மடங்களின் துறவிகள், அரசர்கள், தானம் கொடுத்தவர்கள், பெயரைத் தவிர எதுவும் தெரியாத ஏராளமானோர். இடம் போதாமல் ஓரங்களில், வரிகளுக்கிடையில், கோணல்மாணலாக எழுதியிருக்கிறார்கள். இத்தனையையும் ஒரு பூசையில் வாசிக்க எந்தக் குருவாலும் முடியாது. ஏட்டையே பீடத்தில் வைத்தார்கள். வாசிக்க வேண்டியவர் வாசித்துக்கொள்வார் என்ற நம்பிக்கை.

வடபிரான்சில் இன்னொரு வழக்கம் இருந்தது. மடத்தில் ஒருவர் இறந்தால் தோல்சுருள் ஒன்றைக் கொடுத்து ஓர் ஆளை நடக்கவிடுவார்கள். அவன் ஒவ்வொரு மடமாகப் போவான். இன்னார் இறந்தார் என்று காட்டுவான். அந்த மடத்தார் நாங்களும் செபிக்கிறோம், எங்கள் இறந்தவர்களுக்காக நீங்களும் செபியுங்கள் என்று தங்கள் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள். 1122-ல் இறந்த சவிஞ்ஞி மடத் தலைவர் வித்தாலுக்காக நடந்த சுருள் பாரிசில் இருக்கிறது. ஒன்பது மீட்டருக்கு மேல் நீளம், இருநூறுக்கும் மேற்பட்ட பதில்கள். நம் ஊரில் சாவுச் செய்தி சொல்ல ஆள் அனுப்புவது உண்டல்லவா, அதே கால்நடைதான். பெயரைச் சொல்லிவிட்டு, அங்கிருந்து வேறு பெயர்களைச் சுமந்துகொண்டு போவது மட்டும் வேறு.

நவம்பர் 2 என்ற தேதி பிரான்சின் குளுனி மடத்திலிருந்து வந்தது. அங்கே 994 முதல் 1049 வரை தலைவராக இருந்த ஓதிலோ, எல்லாப் புனிதர்களின் திருநாளுக்கு அடுத்த நாளைச் சகல ஆத்துமாக்களுக்கும் என்று தன் மடங்களில் கட்டளையிட்டார். மடங்களின் வலைப்பின்னல் பெரிது, வழக்கம் பரவியது. நிறையப் பெயர் எழுதிய சபை, பெயரில்லாதவர்களுக்கும் ஒரு நாள் ஒதுக்கியது என்றே அதை நான் புரிந்துகொள்கிறேன். என் நோட்டின் 'எல்லா ஆத்துமாக்களும்' என்ற வரி அந்த மடத்தில் பிறந்தது. பிறகு 1915-ல் யுத்தத்தில் ஐரோப்பாவின் வாலிபர்கள் குவியல் குவியலாகச் செத்துக்கொண்டிருந்தபோது, அந்த ஒரு நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம் என்று பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அனுமதி கொடுத்தார்.

நடுவில் இந்த வழக்கம் பணத்தோடு ஒட்டிக்கொண்டு கெட்டதும் உண்மை. உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களின் பெயரால் வசூல் நடந்தது. 1517-ல் லூத்தர் எழுந்தார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் இங்கிலாந்தில் 1547-ல் ஆறாம் எட்வர்டு காலத்துச் சட்டம், இறந்தவர்களுக்குப் பூசை நடத்த விடப்பட்டிருந்த மானியங்களை அரசுக்கு எடுத்துக்கொண்டது. ஞாயிறுதோறும் கோயிலில் செத்தவர்களின் பெயர்ப்பட்டியல் வாசித்த ஊர்களில் அந்தக் குரல் நின்றது. ஊழலை அறுக்கப்போய் அதனோடு சேர்த்து எதை அறுத்தார்கள் என்று நினைக்கும்போது எனக்குத் துக்கமாக இருக்கிறது. தன் பெயரை வாசிக்கச் சொல்லி ஆட்டையோ நிலத்தையோ எழுதிவைத்துவிட்டுப் போன ஏதோ ஒரு கிராமத்துக் கிழவியை நினைத்துக்கொள்கிறேன்.

அதே இங்கிலாந்தில் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு ஜான் லாக் வந்தார். மனித அறிவைப் பற்றிய அவருடைய பெரிய நூலின் இரண்டாம் பதிப்பு 1694-ல் வந்தபோது, நண்பர் வில்லியம் மாலினோ கேட்டுக்கொண்டதால் புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்தார். நேற்றைய நானும் இன்றைய நானும் ஒரே ஆள் என்பது எதனால்? உடம்பினால் அல்ல, ஆத்துமா என்ற பொருளாலும் அல்ல, தன் செயல்களைத் தன்னுடையவை என்று உணரும் உணர்வினால் என்றார். இளவரசன் ஒருவனின் ஆத்துமா, தன் பழைய வாழ்வின் நினைவுகளோடு, செருப்புத் தைக்கிறவன் ஒருவனின் உடம்புக்குள் வந்தால், ஆள் இளவரசன்தான் என்பது அவர் காட்டிய உதாரணம். லாக் விசுவாசத்தை உதறியவர் அல்ல. உயிர்த்தெழும் நாளில் வேறு உடம்பில் எழுந்தாலும் அதே ஆள்தான் என்று காட்டவும், தனக்குத் தெரியவே தெரியாத ஒன்றுக்காக யாரும் தீர்ப்பில் பதில் சொல்ல வேண்டியிராது என்று காட்டவும் இது அவருக்குத் தேவைப்பட்டது. வூஸ்டர் பிஷப் ஸ்டில்லிங்பிளீட்டோடு அதே உடம்பு எழுமா என்பதைப் பற்றி அவர் நடத்திய வாதம் வருடக்கணக்கில் ஓடியது.

லாக்கின் நியாய உணர்வை மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டால் 2019-ல் அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பெற்றவள் இல்லை. என்னைப் பெற்றது அவள் நினைவில் இல்லையே. இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தவர்கள் இருவர். ஒருவர் ஸ்காட்லாந்துச் சபைப் போதகராக இருந்து தத்துவப் பேராசிரியரானவர், தாமஸ் ரீட். 1785-ல் அவர் ஒரு கதை சொன்னார். பழத்தோட்டத்தில் திருடி அடிவாங்கிய பையன் வளர்ந்து முதல் போரில் எதிரியின் கொடியைப் பறிக்கிறான், வயதானபின் தளபதியாகிறான். கொடி பறித்தபோது அடிவாங்கியது நினைவிருந்தது. தளபதியானபோது கொடி நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. லாக் சொல்படி தளபதி அந்தப் போர்வீரன்தான், போர்வீரன் அந்தப் பையன்தான், ஆனால் தளபதி அந்தப் பையன் இல்லை. இது எப்படி நிற்கும்?

இன்னொருவர் பிஷப் ஜோசப் பட்லர். 1736-ல் அவர் சொன்னது சுருக்கம்: நான்தான் அதைச் செய்தேன் என்று நினைவு எனக்குக் காட்டுகிறது, நினைவு என்னை 'நான்' ஆக்குவதில்லை. இதை விளங்கிக்கொள்ள எனக்குத் தத்துவம் தேவைப்படவில்லை, மரணப் பதிவேடு போதுமாக இருந்தது. ஏட்டில் எழுதியதால் என் அக்காள் பிறக்கவில்லை. பிறந்தாள், பதினொரு நாள் பால் குடித்தாள், அதனால் எழுதினார்கள். அந்தப் பக்கத்தைக் கரையான் அரித்திருந்தாலும் அவள் பிறந்தது பிறந்ததுதான். அம்மாவின் நினைவு என்ற ஏட்டைக் கரையான் அரித்தது, அம்மாவை அரிக்கவில்லை.

இப்படிச் சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் கிறிஸ்தவ நம்பிக்கை இதைவிட அதிகம் கேட்கிறது. பிறந்தது உண்மை என்பது வேறு, மறுபடியும் எழுந்து நிற்பது வேறு. தோமா அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இதில் கறாராக இருந்தார். பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்துக்கு விளக்கம் எழுதும்போது, ஆத்துமா முழு மனிதன் அல்ல, என் ஆத்துமா மட்டும் கரைசேர்ந்தால் நான் கரைசேர்ந்தேன் என்று சொல்ல முடியாது என்றார். கண்டது கேட்டது, முகம், குரல் பற்றிய ஞாபகம் உடம்பின் உறுப்பைச் சார்ந்தது என்பதும் அவர் போதனை. மூளை வாடினால் அந்த ஞாபகம் வாடுவதில் அவருக்கு ஆச்சரியம் இருந்திருக்காது. அதனால்தான் உடம்பும் எழ வேண்டும். சின்ன வயதில் நாங்கள் அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்த விசுவாசப் பிரமாணத்தில் 'சரீர உத்தானம்' என்ற சொல் வரும். அம்மா மொழியில் அது கடைசிவரை இருந்தது. புதுச் சொல்லான 'உயிர்ப்பு' அவளுக்குப் பழகவில்லை.

தமிழ் மண்ணில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, மறுபிறப்பை மறுத்துத் தமிழில் தனி நூலே எழுதினார். முற்பிறவியை மறந்தே எல்லாரும் பிறக்கிறோம் என்று நம்பும் ஊரில், ஒரே பிறவி, ஒரே உடம்பு, ஒரே பெயர் என்று சொல்ல வந்தவருக்கு அது தவிர்க்க முடியாத வேலை. மறதி நதியில் குடித்துவிட்டுப் புதுப் பிறவிக்குப் போகும் ஆத்துமாக்களைப் பற்றிப் பிளேட்டோவும் எழுதியிருக்கிறார். அந்த நதியை தாந்தே தன் காவியத்தில் எடுத்துக்கொண்டு, உத்தரிக்கிற மலையின் உச்சியில் ஓடவிட்டார்; ஆனால் பக்கத்திலேயே தானாக இன்னொரு ஆற்றை உண்டாக்கிச் சேர்த்தார். மறதி நதியான லேத்தே, செய்த பாவத்தின் நினைவை எடுத்துவிடும். புது ஆறான எவுனோயே, செய்த நன்மையின் நினைவைத் திருப்பிக் கொடுக்கும். இரண்டிலும் குடித்த பிறகுதான் மேலே போகலாம். மறந்து போவது முடிவல்ல, திருப்பிக் கொடுக்கப்படும் என்று ஒரு கவிஞன் 1300-களில் நினைத்திருக்கிறான். அம்மாவுக்கு முதல் ஆறு வாழும்போதே வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

வேதாகமத்தில் கடவுள் நினைவுகூர்ந்தார் என்று வருகிற இடங்களை ஒருமுறை தேடிப் பார்த்தேன். நோவாவை நினைவுகூர்ந்தார், வெள்ளம் வடிந்தது. ராகேலை நினைவுகூர்ந்தார், அவள் பிள்ளை பெற்றாள். அன்னாளை நினைவுகூர்ந்தார், சாமுவேல் பிறந்தான். அங்கே நினைவு என்பது ஏட்டில் கிடக்கும் எழுத்தல்ல, எழுந்து செய்யும் வேலை. சிலுவையில் தொங்கிய கள்வன் கேட்டதும் தன்னை நினைத்துக்கொள்ளத்தான். இறந்தவர்களின் பெயரைப் பீடத்தில் சொன்ன பழைய சபை, நம் ஞாபகசக்தியை நம்பிச் சொல்லவில்லை. மூன்று தலைமுறையில் நமக்குத் தீர்ந்துவிடும் என்று அதற்குத் தெரியும். அபர்தீன் பல்கலைக்கழகத்தின் ஜான் சுவின்டன், முன்னாள் மனநல நர்ஸ், 2012-ல் மறதி நோய் பற்றி எழுதிய இறையியல் நூல் முழுக்க இதையே சொல்கிறது: நோயாளி கடவுளின் நினைவில் வாழ்கிறார். அதைப் படித்தபோது மோனிக்கா சொன்னதையே மறுபடி கேட்டதுபோல் இருந்தது.

அம்மா 2023 மார்ச்சில் போனாள். கடைசி வாரம் பேச்சில்லை. அவஸ்தை பூச சாமி வந்தபோது, அவர் அம்மாவின் நெற்றியில் சிலுவை வரைந்ததும் அவள் கை தானாக எழுந்து நெற்றிக்கும் நெஞ்சுக்கும் போனது. தோள்வரை போக முடியாமல் நின்றது. நான் பிடித்து முடித்துவைத்தேன்.

அந்த டிசம்பரில் ஒரு செய்தி படித்தேன். உடலை எரிப்பதற்கு இருந்த தடையைத் திருச்சபை 1963-ல் தளர்த்தியதும், சாம்பலைத் தூவக் கூடாது என்று 2016-ல் சொன்னதும் எனக்குத் தெரியும். இப்போது பொலோஞ்ஞா கர்தினால் சுப்பி, பலருடைய சாம்பலை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாமா என்று கேட்டிருந்தார். வைக்கலாம், ஆனால் ஒவ்வொருவர் பெயர் விவரமும் அங்கே எழுதப்பட வேண்டும், பெயரின் நினைவு சிதறக் கூடாது என்று வத்திக்கான் பதில் சொல்லியிருந்தது. சாம்பல் கலக்கலாம், பெயர் கலக்கக் கூடாது. ரைகெனவு ஏட்டின் ஓரத்தில் கோணலாக ஒரு பெயரைச் செருகிய கைக்கும் அந்தப் பதிலை எழுதிய கைக்கும் நடுவில் ஆயிரத்து இருநூறு வருடம்.

எங்கள் பங்கிலும் ஒரு யோசனை வந்தது. பட்டியல் நீண்டுவிட்டது, வாசிக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிறது, பிள்ளைகள் நெளிகிறார்கள், திரையில் ஓடவிடலாம், அல்லது நோட்டைப் பீடத்தில் வைத்துவிடலாம் என்றார்கள். நோட்டைப் பீடத்தில் வைப்பதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது என்பதைச் சொன்னேன். இருந்தாலும் வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தன் வீட்டுப் பெயர் வரும்வரை காத்திருக்கிறவர்களின் முகத்தை நான் மேடையிலிருந்து பார்க்கிறேன். அந்த ஒரு பெயருக்காக அவர்கள் மற்ற எல்லாப் பெயர்களையும் கேட்கிறார்கள். சாமி ஒத்துக்கொண்டார்.

போன நவம்பரில் பட்டியலை அடுக்கும்போது அகரவரிசையை ஓரிடத்தில் மட்டும் மீறினேன். அம்மா பெயருக்கு அடுத்த வரியில் அந்தப் பதினொரு நாள் பிள்ளையின் பெயர்.

பூசை முடிந்து கல்லறை மந்திரிக்கப் போனோம். அம்மா கல்லறையில் செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றினேன். இன்னொரு வத்தி கையில் இருந்தது. குழி வெட்டுகிற பெரியவரிடம், "ஐயா, 1958-ல கைப்பிள்ளைங்கள எங்க பொதைச்சாங்க?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்று யோசித்தார். "எங்கப்பா காலம் அது. கெழக்குச் சுவரு ஓரம்னு சொல்லுவாரு டீச்சர். அதுக்கப்புறம் அங்க எத்தனையோ குழி போட்டாச்சு" என்றார். கிழக்குச் சுவரின் ஓரம் முழுக்க வேறு ஆட்களின் கல்லறைகள். இரண்டு கல்லறைக்கு நடுவில் ஒரு சாண் மண் இருந்தது. அதில் வத்தியை ஊன்றினேன். காற்றில் அணைந்தது. பெரியவரின் பேரன், ஏழெட்டு வயதுப் பையன், உடைந்த ஓட்டுத்துண்டு ஒன்றைத் தேடி எடுத்துவந்து காற்று வரும் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு, "இப்ப பத்த வைங்க டீச்சர்" என்றான்.